பழைய கணினியும் புதிய துண்டும்

2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விரும்பிப் பதிவுசெய்யும் தனியாருக்கு மேலும் ஓராண்டுத் தவணை கிடைத்தது. விண்டோஸ் 11 இற்கு மாறலாமே எனின், அது வேண்டிநிற்கும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் 2017 இற்கு முந்திய இயந்திரங்களுட் பெரும்பாலானவற்றில் இல்லை. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டப் பாடசாலைகளை வந்தடையும் நன்கொடைக் கணினிகளோ பெரும்பாலும் நகரத்து அலுவலகங்கள் கழித்தவை. இயங்கும் இயந்திரத்தைக் குப்பையெனத் தீர்ப்பிடும் உரிமை கொழும்பில் உள்ளோர்க்குக்கூட இல்லை. கடல்கடந்த ஒரு நிறுவனத்திடமே உள்ளது.

மலையகம் இத்தகையதொரு கட்டை முன்னரும் அறிந்ததே. கடனைக் குறித்த 'துண்டு' இன்றித் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற் சேரமுடியாதிருந்தது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. பசியையும் கடனையும் கணினியோடு ஒப்பிடல் மிகையே. ஆயினும் வெளியேறும் வழியைப் பிறர் கையில் ஒப்படைத்தல் எவ்வாறு முடியும் என்பதற்கு இதனினும் அணித்தான சான்று இம்மண்ணில் இல்லை.

லினக்ஸ் அவ்வழியைத் திறக்கின்றது. லினக்ஸ் மின்ட் என்னும் வடிவம் 2 கிகாபைட் நினைவகத்திலும் இயங்கும். 4 இருப்பின் நன்று. உரிமக் கட்டணம் இல்லை. இணையம் எட்டாத மலைச்சரிவிலும் ஒரே பென்டிரைவினால் ஓர் அறைக் கணினிகள் அனைத்திலும் நிறுவலாம். களவுப் பிரதியைப் பாவித்துக்கொண்டே பிள்ளைகளுக்கு நேர்மை போதிக்கும் சங்கடமும் ஒழியும்.

"நாளை அலுவலகத்தில் விண்டோஸ்தானே" என்பர் சிலர். பத்தாந் தரத்திற் கண்ட திரை, பிள்ளை தொழில் தேடும் நாளில் எங்ஙனமும் மாறியிருக்கும். கோப்பினை ஒழுங்கு செய்தலும் அட்டவணையிற் கணித்தலும் மாறா. கேரளத்து அரச பாடசாலைகள் இருபதாண்டு அளவில் கட்டற்ற மென்பொருளிலேயே கற்பித்து வருகின்றன. அதனால் அம்மாநிலத்தார் கணினித் தொழிலிற் பின்தங்கினர் எனக் கூறுவார் யார்?

ஜேர்மனியின் மியூனிக் நகரசபை லினக்ஸுக்கு மாறிப் பின் 2017 இல் விண்டோஸுக்கே மீள முடிவெடுத்ததை எடுத்துக்காட்டுவோர் கூற்று வலிது. மென்பொருள் கிடைப்பதனால் மட்டும் மாற்றம் நிலைபெறாது. பழுது வருங்கால் வந்து பார்ப்பார் வேண்டும். பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கணினி விஞ்ஞானம் கற்பிக்கின்றது. மலையகத்தினின்று பல்கலைக்கழகம் புகுந்தோரும் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். விடுமுறையில் ஊர் மீள்வோர் தாம் கற்ற பாடசாலையின் கணினி அறையை ஒருமுறை திறந்து பார்ப்பதில்லை எனின், குற்றம் மைக்ரோசொப்டின்மேல் மட்டும் அன்று.

மெய்யான இடர் வேறொன்று. ஆசிரியர் பலரின் வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. ஆங்கில எழுத்துகளின் இடத்திற் தமிழ் உருவங்களை அமர்த்திய அவ்வெழுத்துரு இல்லாவிடின், தமிழ் வினாத்தாள் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். அதனை லினக்ஸிலும் நிறுவலாம். ஆயினும் யுனிகோட்டுக்கு மாற்றுதலே தக்கது. மாற்றும் வேலை முடியுமட்டும் அறைக்கு ஒரு கணினியை இணையத் தொடர்பின்றி விண்டோஸிலேயே விட்டுவைக்கலாம். ஏனையவற்றுக்கு அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டுவதில்லை.