கைநீட்டிக் காசு வாங்கினால்...

நண்பரின் காரில் வெளியூர் போகிறீர்கள். வழியில் பெட்ரோல் போட வண்டி நிற்கிறது. "இந்தத் தடவை என் செலவு" என்று நீங்கள் பர்ஸை எடுக்கிறீர்கள். நண்பரும் ரொம்பப் பிகு செய்துகொள்வதில்லை. இதில் சட்டத்துக்கு என்ன வேலை?

ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த நண்பர் அமெரிக்காவில் இருந்து, அவரிடம் காருக்குப் பதில் ஒரு சிறு விமானமும் இருந்தால், முழுச் செலவையும் நீங்கள் கொடுத்த மாத்திரத்தில் அவர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவார்!

அந்த நாட்டில் சொந்தக் காரியத்துக்கு விமானம் ஓட்ட ஒரு லைசென்ஸ். கூலிக்கு ஓட்ட வேறொரு லைசென்ஸ். முதல் லைசென்ஸ்காரர் பிரயாணிகளிடம் கூலி வாங்கக் கூடாது. எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை இவற்றை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம். விமானியையும் சேர்த்து நாலு பேர் போய், செலவு 400 டாலர் ஆனால், விமானி தம் பங்காக 100 டாலராவது போட்டே தீர வேண்டும். போகிற ஊரில் அவருக்கும் சொந்த ஜோலி இருக்க வேண்டும். உங்களைக் கொண்டுபோய் விடுவதற்கென்றே கிளம்பினால் அது டாக்ஸி!

"எனக்கு ஒரு காசும் வேண்டாம், எண்ணெய் மட்டும் போடுங்கள்" என்று சொல்லியும் தப்ப முடியாது. விமானிக்குப் பறந்த மணிக்கணக்குத்தான் சொத்து. கூலி லைசென்ஸ் வாங்க 18 வயது நிரம்ப வேண்டும். சாதாரணமாக 250 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும். பிறர் செலவில் அந்த மணிகளைச் சேர்த்தால் அதுவும் கூலிதான் என்கிறது விமான இலாகா.

சரி, அரும்பாடு பட்டு அந்த லைசென்ஸும் வாங்கியாகிவிட்டது. இனி "வாருங்கள், ஏற்றிச் செல்கிறேன்" என்று போர்டு மாட்டலாமா? அதுவும் கூடாது. நன்றாகச் சமைப்பவர் ஹோட்டலில் சம்பளத்துக்குச் சமைக்கலாம். தாமே ஹோட்டல் திறக்கத் தனி அனுமதி வேண்டுமல்லவா? அதே கதைதான். பொதுஜனங்களை ஏற்றிச் செல்லும் ஸ்தாபனத்துக்குத் தனி அத்தாட்சி தேவை. விமானப் பராமரிப்பு, விமானியின் ஓய்வு, அவ்வப்போது பரீட்சை எல்லாம் அதில் அடக்கம். ஆகாயத்திலிருந்து படம் எடுப்பது, விளம்பரத் துணியை வாலில் கட்டி இழுப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் இந்த அத்தாட்சி வேண்டியதில்லை.

ஃப்ளைட்நவ் என்ற கம்பெனி, சொந்த விமானிகளையும் செலவைப் பங்கிடச் சம்மதிக்கும் பிரயாணிகளையும் இன்டர்நெட் மூலம் சேர்த்து வைத்தது. "பங்குதானே, கூலி இல்லையே!" என்று வாதாடியது. முன்பின் தெரியாதவர்களைக் கூவி அழைத்தால் அது பொதுப் போக்குவரத்தே என்று இலாகா சொன்னது. 2015-இல் அப்பீல் கோர்ட்டும் இலாகாவின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஏன் இத்தனை கெடுபிடி? பணம் வாங்கினால் விமானம் கனத்துவிடுமா?

ஐரோப்பாவில் நடந்த ஒரு துயரத்தைக் கேளுங்கள். 2019 ஜனவரி 21 இரவு, எமிலியானோ சாலா என்ற 28 வயது அர்ஜென்டினாக் கால்பந்து வீரர், பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃப் நகருக்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் புறப்பட்டார். கார்டிஃப் கிளப் அவரைப் பெருந்தொகைக்கு அப்போதுதான் ஒப்பந்தம் செய்திருந்தது. விமானம் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்தது. வீரரும் விமானியும் மாண்டனர். விமானியிடம் கூலிக்கு ஓட்டும் லைசென்ஸ் இல்லை. இரவில் ஓட்டும் தகுதியும் இல்லை. எஞ்சினின் நச்சுப் புகையும் அவரைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

காசு வாங்காத விமானி, மேகம் கறுத்தால் "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார். கைநீட்டிக் காசு வாங்கியவருக்கு அந்த வார்த்தை சுலபத்தில் வருமா? அதைத் துணிந்து சொல்ல அவருக்கு நல்ல அனுபவம் வேண்டும். அவர் பின்னால் ஒரு ஸ்தாபனம் வேண்டும். இருவரையும் கண்காணிக்கச் சர்க்கார் வேண்டும். பிரயாணியால் எஞ்சினைத் திறந்து பார்க்க முடியாது. வானத்தைப் படிக்கவும் தெரியாது. அவருக்காகத்தான் இத்தனை சட்டமும்.

ஆகையால், வாசகர்களே, "மலிவாக ஒரு விமானம் இருக்கிறது, வருகிறீர்களா?" என்று யாராவது கூப்பிட்டால், கட்டணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள்!