பட்டியலில் இடம் கேட்காதீர்கள், ஆர்மோனியம் கேளுங்கள்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் பூங்காவில் காலை நடை வரும் நண்பர் சொல்கிறார்: டெல்லியில் வழங்கப்படும் மேட்டா (மஹிந்திரா நாடக விருது) போன்ற விருதுகளில் புதிய இசை நாடகங்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்த வகையே அழிந்துவிடுமாம்.

சங்கரதாஸ் சுவாமிகள் தம் இசை நாடகங்களை எந்தப் பரிந்துரைப் பட்டியலுக்காக எழுதினார்? மைக் இல்லாத கொட்டகையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கடைசி வரிசைவரை குரலை எட்டவைத்தது எந்த நடுவருக்காக? அவர்களுக்கு டிக்கெட் வாங்கிய கூட்டம் இருந்தது. கம்பெனிச் சம்பளத்தில் பக்கவாத்தியக்காரர்கள் இருந்தார்கள். இன்றைய குழு நாலு வாத்தியக்காரர்களை ஒரு மாத ஒத்திகைக்கு அழைத்தாலே கையிருப்பு கரைந்துவிடும். பென்டிரைவ் பாட்டுக்குத்தான் கட்டுப்படியாகிறது. நோய் அங்கே இருக்க, மருந்தை டெல்லி மேடையில் தேடுகிறார் நண்பர்.

ஒதுக்கீடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. 1995 டோனி விருதில் சிறந்த இசையமைப்புக்கு 'சன்செட் புலவார்ட்' ஒன்றுதான் போட்டியில் இருந்தது, வென்றதும் அதுவே. பிராட்வேயிலேயே அந்த வறட்சி என்றால், ஆண்டுக்குப் பத்தே நாடகங்களை டெல்லிக்கு அழைக்கும் மேட்டா விருது இசைக்கென்று தனி இடம் போட்டு என்ன செய்யும்?

'புதிய' என்ற சொல்லும் உறுத்துகிறது; பழைய பாட்டுக்கும் கூட்டம் உண்டு. பி.வி.காரந்த் எழுபதுகளில் இயக்கிய 'சத்தவர நெரளு' என்ற கன்னட நாடகம் புரந்தரதாசர் பாடல்களோடு பல பத்தாண்டுகள் இந்த ஊரில் மேடையேறியது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜே.பி.நகர் ரங்கசங்கரா அரங்குக்குப் போவதே ஒரு தனி நாடகம். அதற்கும் துணிந்து மக்கள் போவது பாட்டுக்காக. நண்பரே, அடுத்த முறை நீங்களும் வாருங்கள். டிக்கெட் என் செலவு, ஆட்டோ உங்களுடையது.