டேட்டா யாருக்குப் போகிறது? போனுக்குத் தெரியும், நமக்குச் சொல்வதில்லை!

இரவு முழுக்க போன் சும்மாதான் கிடக்கிறது. காலையில் பார்த்தால் டேட்டா குறைந்திருக்கிறது. செட்டிங்ஸைத் திறந்தால், எந்த ஆப் எத்தனை எம்.பி. செலவழித்தது என்று ஆண்ட்ராய்டு காட்டும். ஆனால், அந்த ஆப் எந்த சர்வரோடு பேசியது? அதைக் காட்டாது.

பாக்கெட்டில் பெயர் கிடையாது

இணையத்தில் தரவு சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகும். ஒவ்வொன்றிலும் அனுப்பும் இடம், சேரும் இடம் இரண்டின் ஐ.பி. முகவரியும் போர்ட் எண்ணும் இருக்கும். அனுப்பிய ஆப்பின் பெயர் இருக்காது. அபார்ட்மென்டிலிருந்து போகும் கடிதத்தில் கட்டட முகவரியும் ஃப்ளாட் எண்ணும் மட்டும் இருப்பது மாதிரி. அந்த ஃப்ளாட்டில் அப்போது யார் இருந்தார்கள் என்பது வாட்ச்மேனின் பதிவேட்டில்தான் இருக்கும். போனில் அந்த வாட்ச்மேன், இயங்குதளத்தின் மையமான கெர்னல்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க், அனுப்பிய ஆப் எது என்று சொல்லத் திணறுவது இதனால்தான். கெர்னலுக்கு அந்தத் திணறல் இல்லை. ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும்போதே அதற்கு ஓர் அடையாள எண் ஒதுக்கப்படுகிறது. அது தொடங்கும் ஒவ்வொரு இணைப்பும் அந்த எண்ணின் கணக்கில்தான் பதிவாகும்.

ஆப்பிள் காட்டுகிறது

2021-இல் வந்த ஐஓஎஸ் 15.2-இல் 'ஆப் பிரைவசி ரிப்போர்ட்' வசதி உண்டு. அதை ஆன் செய்தால், ஒவ்வொரு ஆப்பும் கடந்த 7 நாட்களில் எந்தெந்த இணைய முகவரிகளைத் தொடர்பு கொண்டது என்ற பட்டியல் கிடைக்கும். அதே ஆண்டு ஆண்ட்ராய்டு 12 கொண்டுவந்த 'பிரைவசி டேஷ்போர்டு' கேமரா, மைக், லொகேஷன் பயன்பாட்டைச் சொன்னது. நெட்வொர்க்கைப் பற்றி மூச்சுவிடவில்லை. இத்தனைக்கும் இணைய அனுமதியை ஆண்ட்ராய்டு நம்மிடம் கேட்பதே இல்லை. நிறுவும்போதே கொடுத்துவிடுகிறது.

ஓர் ஆப் மற்ற ஆப்களின் இணைப்புகளை எட்டிப் பார்க்க முடியாதபடி, 2019-இல் ஆண்ட்ராய்டு 10 கதவை மூடியது. நல்ல முடிவுதான், அதுவும் ஒரு வகை வேவுதானே! ஆனால், பக்கத்து வீட்டுக்காரரிடம் மறைப்பது வேறு, வீட்டு உரிமையாளரிடமே மறைப்பது வேறு.

நெட்கார்டு, பிசிஏபிட்ராய்டு போன்ற ஆப்கள் விபிஎன் வழியாக இதைக் காட்டுகின்றன. ஆனால், ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். ஆபீஸ் விபிஎன் போட்டால் இது நின்றுவிடும்.

முகவரிப் பட்டியல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உள்ளே என்ன தரவு போனது என்பது என்கிரிப்ஷனில் மறைந்திருக்கும். ஆப்புக்குள் ஒளிந்திருக்கும் விளம்பர நிறுவனத்தின் கோடும் அந்த ஆப்பின் பெயரில்தான் கணக்காகும். இருந்தாலும், டார்ச் ஆப் நள்ளிரவில் விளம்பர சர்வரோடு பேசுவது தெரிந்தால் போதுமே, அதை வைத்திருப்பதா, தூக்குவதா என்று நாமே முடிவு செய்யலாம்.

பதிவேடு ஏற்கெனவே போனுக்குள் இருக்கிறது. அதை உரிமையாளர் படிக்க, செட்டிங்ஸில் ஒரு பக்கம் ஒதுக்குவது கூகுளுக்குப் பெரிய வேலை இல்லை.