வாயில இருக்கிற வெள்ளி: கழட்ட முதல் கேள்வி கேட்போம்

வட்ஸ்அப் குழுக்களில் சுத்தித் திரியிற ஒரு செய்தி இருக்கு: உங்கட பல்லில அடைச்சிருக்கிறது வெள்ளி இல்லை, நஞ்சு, உடன கழட்டுங்கோ. அதுக்கு வாற பதிலும் எங்களுக்குப் பழக்கம்தான்: எத்தனையோ தலைமுறையா அடைக்கினம், ஆருக்கு என்ன நடந்தது? இந்த இரண்டுமே போதாது எண்டு நாங்கள் நினைக்கிறோம். ஒண்டு பயமுறுத்துது, மற்றது வாயை மூடச் சொல்லுது.

முதலில் விசயத்துக்கு வருவோம். வெள்ளி அடைப்பு எண்டு நாங்கள் சொல்லுற அமல்கத்தில் ஏறத்தாழ அரைவாசி பாதரசம்தான். மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மெல்லும்போதும், நித்திரையில் பல்லை நெருமும்போதும் மிகச் சிறிய அளவு பாதரசம் ஆவியாக வெளியேறுகிறது. உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதைப் பெரிதாக உறிஞ்சாது. ஆனால் ஆவியாக மூச்சோட உள்ளே போனால் சுவாசப்பை 80 வீதமளவில் எடுத்துக்கொள்ளும். பிறகு அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகலாம். ஆகவே பயத்துக்கு ஒரு காரணமும் இல்லை எண்டு சொல்ல ஏலாது.

ஆனால் எவ்வளவு எண்டதுதான் கேள்வி. அமெரிக்காவிலும் போர்த்துக்கல்லிலும் பிள்ளைகளைப் பல வருசம் தொடர்ந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் 2006இல் வெளிவந்தன. அமல்கம் அடைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் நுண்ணறிவு, ஞாபகசக்தி போன்றவற்றில் மற்றப் பிள்ளைகளோடு குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இந்தச் செய்திகளோட அடிக்கடி மினமாட்டாவின் படங்களும் வரும். ஜப்பானில் 1956இல் வெளித்தெரிந்த அந்த அழிவுக்குக் காரணம், ஒரு இரசாயனத் தொழிற்சாலை கடலுக்குள் விட்ட மெதைல் பாதரசம். அது மீனுக்குள்ளால மனிதருக்குள் போனது. அதுவும் பல்லில இருக்கிற உலோகப் பாதரசமும் ஒரே மாதிரி உடம்பைத் தாக்குவதில்லை. இரண்டையும் ஒண்டாக்கிக் காட்டுறது நேர்மையில்லை.

அப்ப பிரச்சினையே இல்லையா? இருக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க இருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள், நரம்பு நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு முடிந்தளவு அமல்கத்தைத் தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதை நிறுத்தி, 2025இலிருந்து, மருத்துவத் தேவை இருந்தால் ஒழிய, எல்லோருக்கும் நிறுத்திவிட்டது. மினமாட்டா சமவாயத்தின் நாடுகள் 2034க்குள் அமல்கத்தைக் கைவிட 2025இல் உடன்பட்டன. 2017இல் சமவாயத்தில் இணைந்த இலங்கைக்கும் இதில் பங்கு இருக்கு.

ஆனால் புதிதாக அடைக்காமல் விடுவது வேறு, ஏற்கனவே அடைத்ததைக் கழட்டுறது வேறு. அதே அமெரிக்க நிறுவனம், நல்ல நிலையில் இருக்கிற அடைப்பைக் கழட்ட வேண்டாம் எண்டும் சொல்லியிருக்கு. துளைத்து எடுக்கும்போதுதான் ஆவி கூடுதலாகக் கிளம்பும். நல்ல பல்லின் ஒரு பகுதியும் சேர்ந்து போகும். "நஞ்சு அகற்றல்" எண்டு சொல்லி ஆரும் உங்களிட்டக் காசு கேட்டால், கழட்டுறதால எனக்கு என்ன நன்மை எண்டு திருப்பிக் கேளுங்கோ.

எங்களுக்கு முக்கியமாகப் படுற இன்னொரு விசயம், மாற்று ஆருக்குக் கிடைக்கும் எண்டது. பல்லின் நிறத்தில் வைக்கிற கொம்போசிட்டுக்குச் செலவு கூட, நேரமும் கூட, ஈரமில்லாத பல்லும் வேணும். கடைவாய்ப் பல்லில் அமல்கம் அளவுக்கு அது நீடிக்கிறதும் குறைவு. காசிருக்கிறவை தனியார் கிளினிக்குக்குப் போய் அடைப்பினம். விடிய வெள்ளன அரச ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருக்கிற அம்மாவுக்கு? அமல்கத்தை நிறுத்திப்போட்டு மாற்றுப் பொருளை அரச கிளினிக்குகளுக்கு ஒழுங்காகக் கொடுக்காவிட்டால், ஏழைகளுக்கு மிஞ்சுறது பல்லைப் பிடுங்குறதுதான். சுகாதாரம் எண்ட பெயரில் அப்பிடி ஒரு அநியாயம் நடக்க விடக்கூடாது.

இன்னொண்டு, இந்தப் பாதரசம் வாயோட நிற்கிறதில்லை. வடிகட்டாமல் கிளினிக்கின் கழிவுநீரோட போறது களப்பையும் கடலையும் அடைந்தால், அங்கே நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றலாம். பிறகு மீனுக்குள்ளால எங்கட சட்டிக்கே அது திரும்பி வரும். சுடலையில் உடலை எரிக்கும்போது பல்லில இருந்த பாதரசம் காற்றில் கலக்கும். நாள் முழுக்க அந்த அறையில் நிற்கிற பல் வைத்தியருக்கும் உதவியாளருக்கும் நோயாளியை விட ஆபத்துக் கூட. இதைப் பற்றி வட்ஸ்அப்பில் ஒருத்தரும் எழுதுறதில்லை.

டொக்டரிட்டக் கேள்வி கேட்டால் மரியாதைக்குறைவு எண்டு எங்கட வீடுகளில் பழக்கியிருக்கினம். அந்தப் பழக்கத்தை நாங்கள்தான் உடைக்கவேணும். இது என்ன பொருள், வேற என்ன இருக்கு, நான் கர்ப்பமா இருக்கிறன், இது சரிவருமா எண்டு கேட்கிறது எங்கட உரிமை. கூடவே, பாதரசமும் தேவைப்படாத, காசும் பெரிதாகத் தேவைப்படாத ஒரு வழியும் இருக்கு. புளோரைட் பற்பசையால் இரண்டு வேளை பல்லைத் தேய்ச்சு, பிள்ளைகளின்ர கையில் இனிப்பைக் குறைச்சால், சூத்தைப்பல் குறையும். அடைக்க வேண்டிய பல் குறைஞ்சால் இந்தச் சண்டையும் குறையும்.