யாருடைய ஆயுள் நீண்டது?

சில வாரங்களுக்கு முன் திருச்சியில் கல்லூரி மாணவர்களோடு காலநிலை மாற்றம் குறித்துப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி எழுந்து, "எல்லாத்துக்கும் காரணம் மக்கள்தொகைதானே? மருத்துவம் வளர்ந்து மனுசங்க ரொம்ப நாள் வாழுறாங்க. பூமி எப்படித் தாங்கும்?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை பதில் சொன்னார்: "எங்க தெருவுல எல்லாருக்கும் துப்புரவு வேலைதான். எழுபது வயசு ஆம்பளை ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல."

தம்பி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டதைத்தான் சொன்னார். ஆனால் நாம் அந்தத் தங்கையின் தெருவிலிருந்து தொடங்குவோம்.

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. மறு ஆண்டே இந்தியா சீனாவை முந்தியது. சரி, தமிழ்நாட்டில் என்ன நிலை? ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை ஈடுகட்ட, பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் தேவை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 1.8. நம் வீடுகளில் பிள்ளைகள் எப்போதோ குறைந்துவிட்டார்கள். வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் குறைந்தனவா?

2019-இல் உலகின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் வெளியேற்றிய கரியமில வாயு, அடித்தட்டு 66 சதவீதத்தினர் வெளியேற்றிய அளவுக்கு இருந்தது என்கிறது ஆக்ஸ்பாம். இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரி சுமார் 2 டன். அமெரிக்கரின் சராசரி அதைப்போல ஏழு மடங்கு. அந்த 2 டன்னிலும் குளிர்சாதன வீடும் இரண்டு காரும் வைத்திருப்பவரின் பங்கு வேறு, ஒரு மின்விசிறியில் ஐந்து பேர் தூங்கும் குடும்பத்தின் பங்கு வேறு.

நம் ஊரையே பார்ப்போம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. சில நாட்களில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆண்டுக்கணக்கில் மணலை அள்ளியதால்தான் இந்தக் கதி என்று விவசாயிகள் குமுறினார்கள். அந்த மணல் யாருடைய குடிசைக்கும் போகவில்லை. அடுக்குமாடிகளுக்குப் போனது.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அதை யாரும் மக்கள்தொகைப் பெருக்கம் என்பதில்லை. சிறப்புப் பேருந்து விடுகிறார்கள், தற்காலிகக் கழிப்பறை வைக்கிறார்கள். ஒரு சேரியில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தால் மட்டும் "இவங்க பெத்துத் தள்ளுறாங்க" என்ற பேச்சு வருகிறது. விழா முடிந்ததும் அந்தக் குப்பையை அள்ள வருவது அந்த அறையில் இருப்பவர்கள்தான். மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக அரியமங்கலத்தில் மலையாகக் குவிந்தது. அது தீப்பிடிக்கும்போதெல்லாம் புகையைச் சுவாசித்ததும் சுற்றிலும் வாழும் உழைக்கும் மக்கள்தான். பூமியின் சுமை என்பது எல்லார் தலையிலும் சமமாக இறங்குவதில்லை.

ஆயுளும் அப்படித்தான். சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளின் ஆயுள் 4 ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுகளுக்கு மேலும் குறைவு. வறுமை மட்டுமே இந்த இடைவெளியை விளக்கிவிடவில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. அரசு வெளியிடும் ஆயுட்காலப் புள்ளிவிவரத்தில் மாநிலம் உண்டு, ஆண் பெண் உண்டு, நகரம் கிராமம் உண்டு. சாதி இல்லை. நம் தலையை எண்ணுகிறவர்கள் நம் ஆயுளை எண்ணுவதில்லை.

அப்படியானால் நாம் கருத்தடைக்கு எதிரிகளா? இல்லை. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானம் வந்ததே அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால்தான். அவருக்காகப் பி. ஜே. ரோஹம் அதை முன்மொழிந்தார், அவை தோற்கடித்தது. மற்றவர்கள் நாட்டின் வறுமையைக் காட்டிக் கருத்தடை கேட்டபோது, பெரியார் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். நம் மரபு இதுதான்: முடிவு பெண்ணுடையது.

அந்த முடிவை அரசு தன் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதையும் அறிவோம். நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இலக்கை நிரப்ப ஏழைகளே பிடித்துச் செல்லப்பட்டார்கள். இன்று காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. மக்களவைத் தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்று நினைக்கத் தோன்றும் என 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேசினார். தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு அநீதி நடக்கக் கூடாது என்பதில் நமக்கும் உறுதி உண்டு. ஆனால் அதற்கான விலையைப் பெண்ணின் உடலில் வசூலிக்க முடியாது. அன்று குறை என்றார்கள், இன்று பெறு என்கிறார்கள். இரண்டிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

தோழர்களே, 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்பட இருக்கிறது. எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கணக்கோடு அது நின்றுவிடக் கூடாது. எந்த வயதில், எதனால் இறக்கிறோம் என்ற கணக்கும் சாதிவாரியாக வேண்டும் என்று இப்போதே கேட்போம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்குப் பணி நிரந்தரமும் முறையான மருத்துவப் பரிசோதனையும் கேட்போம். அரசு தரும் முதியோர் உதவித்தொகை, அறுபதைத் தாண்டியவருக்குத்தான். அந்த வயதைத் தொடாமலே போகிறவர்களுக்கு அரசின் பதில் என்ன என்றும் கேட்போம்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்தத் தம்பி, தங்கையிடம் போய், "உங்க அப்பாவுக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டார். "நாப்பத்தாறுல போயிட்டார்ணா" என்றார் தங்கை.

அடுத்த முறை மக்கள்தொகை என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். ஜெய்பீம்!