நோட்பேடும் நமது பாக்கிக் கணக்கும்

விண்டோஸ் 95, 98 காலத்தில் கடைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வணிகர்களுக்கு நோட்பேட் தெரிந்திருக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கியதல்ல, விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. 1985இல் வெளியான முதல் விண்டோஸிலேயே அது உண்டு. அதற்கு முன் டாஸில் எட்லின் இருந்தது. அதில் வரிவரியாகத்தான் திருத்த முடியும். கூட்டல் போடாது, கட்டம் வராது, எழுத்தைத் தடிமனாக்க முடியாது என்று நோட்பேடைப் பலரும் ஒதுக்கிவிட்டார்கள். கடைக் கம்ப்யூட்டரில் உள்ளவற்றில் வணிகன் அதிகம் நம்பத்தக்கது அதுதான் என்பது நமது கருத்து.

காரணம் எளியது. அன்றைய நோட்பேடில் சேமித்த ஃபைலில் நாம் அடித்த எழுத்துகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆங்கில எழுத்தோ எண்ணோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட், வரி முடிவுக்கு இரண்டு பைட், அவ்வளவே. அதனால் 1996இல் சேமித்த விலைப்பட்டியல் இன்றைய விண்டோஸ் 11இலும் திறக்கும், கைபேசியிலும் திறக்கும். பில்லிங் மென்பொருள் அப்படியல்ல. பல மென்பொருள்கள் கணக்கைத் தமக்கு மட்டுமே புரியும் முறையில் எழுதி வைக்கின்றன.

நமக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். மென்பொருள் செய்து கொடுத்த நிறுவனம் தொழிலை மூடிவிட்டது. பிறகு ஒருநாள் கம்ப்யூட்டர் பழுதானது. புதிய கம்ப்யூட்டரில் போட்டால் மென்பொருள் சாவி எண் கேட்டது, கொடுக்க ஆளில்லை. ஹார்ட் டிஸ்கில் கணக்கு இருந்தும் படிக்க வழியில்லை. ஆறு மாதத்துக்கு முன் அவருடைய கணக்கர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்புவதற்காகப் பாக்கிப் பட்டியலை டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து வைத்திருந்தார். அது நோட்பேடில் திறந்தது. அந்தத் தேதி வரைக்கும் வசூல் நடந்தது. அதற்குப் பிந்தைய ஆறு மாதத்துக்குப் பாக்கிக்காரர்கள் சொன்னதே கணக்கு என்றாயிற்று.

விண்டோஸ் 98 நோட்பேட் சுமார் 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஃபைலைத் திறக்காது, வேர்ட்பேடில் திறக்கலாமா என்று கேட்கும். பார்ட்டிக்கு ஒரு வரி, வரிக்கு 50 எழுத்து என்று வைத்தால் சுமார் 1,250 பார்ட்டிக்குக் காணும். இன்றைய நோட்பேடில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேர்ட்பேடைத்தான் 2024இல் விண்டோஸ் 11இலிருந்து எடுத்துவிட்டார்கள். நோட்பேடிலும் இப்போது செயற்கை நுண்ணறிவைச் சேர்த்திருக்கிறார்கள். பாக்கிப் பட்டியலுக்கு அது எதற்கு என்று நமக்குப் புரியவில்லை.

தமிழில் பெயர் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் அடித்த ஃபைலை, அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இப்போது யூனிகோடில் அடித்து, சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக ஆஃப்லைன் கருவி தயாரிக்கும் ஜேசான் ஃபைலும் வெறும் டெக்ஸ்ட்தான். நோட்பேடில் திறந்தால் பில் எண்ணும் தொகையும் கண்ணுக்குத் தெரியும். ஆடிட்டர் அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

பேரேட்டுக்குப் பதிலாக நோட்பேட் போதும் என்று நாம் சொல்லவில்லை. அதில் எந்த எண்ணையும் எவரும் மாற்றலாம், மாற்றிய தடம் இருக்காது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு முறையான மென்பொருளிலோ ஏட்டிலோதான் இருக்க வேண்டும். அத்தனை காலம் மென்பொருள் நிறுவனம் இருக்குமா என்பதுதான் நமது கேள்வி.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலையும் சரக்கு இருப்பையும் டெக்ஸ்டாக எடுத்து, தேதியைப் பெயராக வைத்து, ஒரு பிரதியைப் பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எடுத்ததும் நோட்பேடில் திறந்து, கடைசி வரியிலுள்ள மொத்தம் மென்பொருள் காட்டும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கருக்குக் கால்மணி நேர வேலை. புது பில்லிங் மென்பொருள் விற்க வருகிறவரிடம் விலை பேசும் முன்பே, முழுக் கணக்கும் டெக்ஸ்டாக வருமா என்று கேட்டு, நம் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லலாம். மழுப்பினால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.