உருகியதா, உருகவில்லையா? ஒரு மீசானின் கணக்கு வழக்கு

ஜே/சை என்று ஒரு துகள் இருக்கிறது. பெயரே விநோதம்தான். 1974 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு 'ஜே' என்றது, இன்னொன்று 'சை' என்றது. சண்டை வேண்டாமென்று இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்! ஒரு சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த மீசான் அது. அதைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே விஷயம்.

சூடு என்றால் சாதாரணச் சூடு இல்லை. சுமார் 156 எம்ஈவி, அதாவது ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையமே ஒன்றரைக் கோடி டிகிரிதான். அந்தச் சூட்டில் புரோட்டானும் நியூட்ரானும் கரைந்து குவார்க்-குளுவான் பிளாஸ்மா ஆகிவிடும். 1986-ல் மட்சுயி, சாட்ஸ் என்ற இருவர் ஒன்று சொன்னார்கள்: இந்தக் கூட்டத்துக்கு நடுவே சார்ம் ஜோடிக்கு இடையிலான இழுவிசை மறைக்கப்பட்டு ஜே/சை பிரிந்துவிடும், எனவே அணுக்கரு மோதல்களில் ஜே/சை குறைந்தால் பிளாஸ்மா உண்டானது என்று அர்த்தம். 2000 பிப்ரவரியில் செர்ன் 'புதிய பொருள்நிலை' பற்றி அறிவித்தபோது இந்தக் குறைவும் முக்கியச் சாட்சியாக நின்றது.

பிறகுதான் குழப்பம். 2004-ல் அசகாவா, ஹட்சுடா என்ற ஜப்பானியர்கள் லாட்டிஸ் முறையில் கணக்குப் போட்டு, கரையும் வெப்பநிலையைப் போல 1.6 மடங்கு வரை ஜே/சை உருகாமல் நிற்கிறது என்றார்கள். அதே வருடம் ஜெர்மனியின் பீலஃபெல்டோடு தொடர்புடைய இன்னொரு குழுவும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. 'ஜே/சை பிழைத்தது' என்று பரவிவிட்டது.

இதை அப்படியே நம்பலாமா? லாட்டிஸ் என்றால் வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, குவார்க் விதிகளை சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டுவது. 1974-ல் கென்னத் வில்சன் தொடங்கி வைத்தது. இதில் வரும் காலம் கடிகாரக் காலம் இல்லை, கற்பனை எண் காலம். அந்தத் திசையின் நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெப்பநிலை கூடும். வேடிக்கை இங்கேதான். சூட்டை ஏற்ற ஏற்ற, பார்ப்பதற்கான கட்டங்களே குறைந்துகொண்டு போகும்! கையில் மிஞ்சுவது சில பத்து எண்கள். அந்த ஒவ்வொரு எண்ணிலும் எல்லா ஆற்றல்களின் பங்கும் கலந்து கிடக்கிறது. ஜே/சை இருக்கிறதா என்று பார்க்க, அவற்றிலிருந்து முழு ஸ்பெக்ட்ரத்தையும் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கடையின் சில மொத்தத் தொகைகளை மட்டும் கொடுத்துவிட்டு, வருடம் முழுக்க நடந்த தினசரி வரவு செலவை எழுதச் சொன்னால்? ஆயிரம் விதமாக எழுதலாம், எல்லாமே டேலி ஆகும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆனதால் மட்டும் பதிவுகள் சரி என்று ஆகிவிடாது என்பது பி.காம். முதல் வருடப் பாடம்தானே. அந்த ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர்கள் பயன்படுத்தியது 'மேக்ஸிமம் என்ட்ரபி' என்ற முறை. விடை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஓர் அனுமானம் கொடுத்தால்தான் அது ஓடும்.

சந்தேகம் வெறும் சந்தேகமாக நிற்கவில்லை. 2007-ல் மோச்சி, பெட்ரெட்ஸ்கி இருவரும் ஜே/சை 1.2 மடங்கிலேயே உருகிவிடும் ஒரு மாதிரியை எடுத்து, அதுவும் அதே லாட்டிஸ் எண்களோடு பொருந்துகிறது என்று காட்டினார்கள். இதில் பெட்ரெட்ஸ்கி 2004-ன் அந்த இரண்டாவது குழுவிலேயே இருந்தவர்! 2012-ல் இன்னும் நுணுக்கமான கட்டங்களில் செய்த கணக்கு 1.46 மடங்கிலேயே ஜே/சை இல்லை என்றது. இன்னொன்று, 2004, 2012 கணக்குகள் வெற்றிடத்தில் தோன்றி மறையும் குவார்க் ஜோடிகளை ஒதுக்கிவிட்டுப் போட்டவை. அப்படி ஒதுக்கினால் கரையும் வெப்பநிலையே 270 எம்ஈவி பக்கம் போய்விடும். 1.6 மடங்கு சரி, ஆனால் எதில் 1.6 மடங்கு?

அதற்காக லாட்டிஸே பொய் என்று சொல்வது அபத்தம். அந்த 156 எம்ஈவி என்ற எண்ணையே லாட்டிஸ்தான் கொடுத்தது, குவார்க் ஜோடிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒன்றரை எம்ஈவி பிழைக்குள். மீசான்களிலும் உறுதியாகச் சொல்லக்கூடியது உண்டு: ஸ்க்ரீனிங் மாஸ். மீசானின் தாக்கம் தூரம் போகப் போக எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்ற அளவு அது. இடத் திசையில் கட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை, அதனால் நேராகப் படித்துவிடலாம். ரோ, ஏ1 என்ற இரண்டு மீசான்களுக்கும் சாதாரணமாக வெவ்வேறு நிறை. கரையும் வெப்பநிலையை ஒட்டி அவற்றின் ஸ்க்ரீனிங் மாஸ் ஒன்றாகிவிடுகிறது. குவார்க்குகளின் இழந்த சமச்சீர்மை திரும்பி வருவதன் அடையாளம் இது. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் கவாய், சௌரேந்து குப்தா போன்றவர்கள் பல வருடம் இதில் உழைத்தார்கள். 'பிழைத்தது', 'உருகியது' என்று தலைப்புப் போட வசதி இல்லாத வேலை, அவ்வளவுதான் :)

2004 கட்டுரைக்காரர்கள் மேலும் பெரிய குற்றம் இல்லை. எந்த அனுமானத்தில் கணக்குப் போட்டார்கள் என்பதைக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். மேற்கோள் காட்டியவர்கள்தான் 1.6-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

சோதனையே முடிவு சொல்லட்டும் என்றும் விட்டுவிட முடியாது. செர்னின் எல்.ஹெச்.சி.யில் அமெரிக்காவின் ரிக் மோதல்களை விடச் சூடு அதிகம், ஆனால் ஜே/சை குறைந்தது அங்கே குறைவாக! ஒரே மோதலில் அத்தனை சார்ம் குவார்க்குகள் பிறப்பதால், பிரிந்தவை வேறு ஜோடியோடு மறுபடி சேர்ந்துவிடுகின்றன என்பதுதான் விளக்கம். எத்தனை உருகின, எத்தனை புதிதாகச் சேர்ந்தன என்று பிரித்துச் சொல்ல மறுபடியும் அந்த ஸ்பெக்ட்ரம்தான் வேண்டியிருக்கிறது.